பிரிந்து போன ஏடுகள்

ஒரே புத்தகம். அதன் ஏடுகளில் 40 ஓர் அரண்மனையில் இருக்கின்றன. மற்ற ஏடுகளில் சில கடல் கடந்து போய்விட்டன. அவை மீண்டும் ஒன்று சேருமா?

மன்னரின் அதிகாரி

அது கையால் எழுதப்பட்ட ஜெபப் புத்தகம். பிரான்சு மன்னர் 7-ம் சார்லசின் பொக்கிஷ அதிகாரி எத்தியேன் செவாலியேக்காகச் செய்தது. விடியற்காலை முதல் இரவு வரை, நேரத்துக்கு ஒரு ஜெபம் அதில் உண்டு.

படங்களைத் தீட்டியவர் ழான் பூக்கே. தூர் நகரத்துக்காரர். காலம், 1452-க்கும் 1460-க்கும் இடையே.

தோலில் ஓவியம்

படங்கள் காகிதத்தில் தீட்டப்படவில்லை. பதப்படுத்திய கன்றுக்குட்டித் தோலில் தீட்டப்பட்டன!

தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள்? சுண்ணாம்பு நீரில் ஊற வைப்பார்கள். மயிரை வழித்து எடுப்பார்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிச் சுரண்டிக் காய வைப்பார்கள். மெல்லிய வெள்ளை ஏடு கிடைக்கும். அதில் வண்ணம் தீட்டுவார்கள். பொன்னைப் பொடியாக்கிப் பசையில் குழைத்தும் பூசுவார்கள்.

ஓர் ஏட்டின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் ஓர் உலகமே தெரிகிறது!

ஒரு படத்தில் தேவமாதா குழந்தை ஏசுவுடன் வீற்றிருக்கிறார். எதிரே செவாலியே முழங்காலில் நிற்கிறார். அவர் அருகே புனித முடியப்பர். முடியப்பரின் பிரெஞ்சுப் பெயர்தான் எத்தியேன்.

இன்னொரு படத்தில் பாரிஸ் நகரம். நோத்ர தாம் பேராலயம் தெரிகிறது. வானத்தில் இறைவனின் வலக்கரம் தோன்றுகிறது. அதைக் கண்டு பேய்கள் பறந்து ஓடுகின்றன!

கத்தி பட்டது

18-ம் நூற்றாண்டில் இந்தப் புத்தகத்தை ஏடு ஏடாக வெட்டிவிட்டார்கள். படங்கள் பல கைகள் மாறின. இன்று இருக்குமிடம் தெரிந்த படங்கள் 47.

1891-ல் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓமால் கோமகன் 40 ஏடுகளை ஒருசேர விலைக்கு வாங்கினார். பாரிசுக்கு வடக்கே, ஷாந்தியி என்ற ஊரில் உள்ள தம் அரண்மனையில் வைத்தார். தம் பொருள்களை நாட்டுக்கு விட்டுச் சென்றபோது ஒரு நிபந்தனை விதித்தார். எந்தப் பொருளும் அங்கிருந்து இரவலாகக்கூட வெளியே போகக்கூடாது!

மற்ற ஏடுகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் முதலிய இடங்களில் இருக்கின்றன. பேய்களை விரட்டும் கரம் இருப்பது நியூயார்க்கில்.

ஏடுகள் மேலும் சிதறாமல் காத்தது அந்த நிபந்தனை. அதனாலேயே, 40 ஏடுகளும் மற்றவற்றைத் தேடிப் போக முடியாது. மற்றவைதான் ஷாந்தியிக்கு வர வேண்டும்!