படுவான்கரையில் இரு நாள்

தமிழர் இல்லறத்திலே கணவனும் மனைவியும் ஒருங்கே ஊர்விட்டுப் புறப்படுதற்குக் காரணங்கள் சிலவே உண்டு. கோயில் திருவிழா ஒன்று, உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்று, சாவீடு ஒன்று, நோய்க்கு மருந்து தேடிச் செல்லுதல் ஒன்று. இவற்றுள் எதுவுமின்றி, இருவரும் தனித்திருந்து இளைப்பாறுதற்கென்றே புறப்படுவாரைக் கண்டால், “இந்த வயதிலா?” என்று ஊர் கேட்கும். இஃது மேனாட்டார் வழக்கமென ஒதுக்குவாரும் உளர்.

அவ்வாறு ஒதுக்குவார் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்ப்பது நலம். பொருளதிகாரத்துக் கற்பியலிலே, ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்ந்து, ஊரெல்லை கடந்து இன்புறுதல் உரியதே என ஆசிரியர் விதி செய்திருக்கின்றார். அதனை அடுத்து வரும் சூத்திரமோ, காமம் கனிந்து அடங்கிய காலத்தில் கிழவனும் கிழத்தியும் மக்களும் சுற்றமும் சூழ இருந்து சிறந்ததைப் பயிலவேண்டும் என்கின்றது. ஐம்பதைக் கடந்த எம்போன்றார் இவ்விரு சூத்திரங்களுக்கும் நடுவே நிற்பவர். முன்னதை முற்ற மறந்தவர், பின்னதை எவ்வாறு பயில்வர் என்பது என் ஐயம்.

கீழைமொழிக் கல்லூரியொன்றிலே இலக்கணம் கற்பிக்கும் யான், என் மனைவியுடன் வைகாசிப் பூரணையை ஒட்டி வந்த விடுமுறையில் மட்டக்களப்பு வாவியின் மேல்கரைக்குச் சென்றேன். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டே ஊருக்குப் பெயரிட்டவர்கள், காட்சியின் அருமை அறியாதவர்களா? 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், அத்துறையில் வாவியைக் கடக்கப் படகையே நம்பவேண்டும். 2009இல் போர் முடியும்வரை, அக்கரையில் ஓரிரவு தங்குவது இளைப்பாறலாகவா இருந்தது? என் மனைவி படுவான்கரையிலே பிறந்தவள். மணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளில் ஓரிரவேனும் அவள் அக்கரையில் துயின்றதில்லை.

யாம் தங்கியது பெருவிடுதி அன்று, வாடிவீடும் அன்று. ஒரு குடும்பத்தார் தம் வளவிலே, வாவியை நோக்கிக் கட்டி வாடகைக்கு விடும் ஓரறை வீடு. முன்னே சிறு திண்ணை, பின்னே குசினி, அடுப்பும் பானை சட்டிகளும் உண்டு, சமையல் மாத்திரம் தங்குவோர் பொறுப்பு. வீட்டுக்காரி திறப்பைத் தந்து, “அரிசி, தேங்காய், விறகு எல்லாம் வைச்சிருக்கன் ஐயா. அம்மாள்ர சடங்கு நடக்குது; இந்தப் பக்கம் இப்ப மச்சம் சமைக்கிறதில்ல” என்றாள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. தாமே சமைத்துண்ணும் வீடு என்றால், அங்கே இளைப்பாறுபவர் யார்? கணவர் திண்ணையிலே சாய்ந்து வாவியைப் பார்ப்பர்; மனைவியோ தன் வீட்டு அடுப்பை விட்டு மற்றோர் அடுப்பை ஊதுவாள். அவளுக்கு இடம் மாறியதேயன்றி வேலை மாறவில்லை. ஆதலின், புறப்படு முன்னரே யாம் ஓர் உடன்பாடு செய்தோம்: இரு நாளும் அடுப்பு என்னுடையது, திண்ணை அவளுடையது.

சிவப்பரிசிச் சோறும், பருப்பும், கத்தரிக்காய்ப் பால்கறியும், சொதியும் ஆக்கினேன். சொதியிலே புளி சற்று மிகுந்தது. வீட்டுக்காரி தந்த சட்டி எருமைத் தயிர் அதனை ஈடுசெய்தது. முதல்நாள் என் மனைவி மூன்றுமுறை குசினி வாயிலுக்கு வந்து நின்றாள். மூன்றுமுறையும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வரவில்லை. கண்டல் மரங்களின் அருகே தோணிகள் போவதைப் பார்த்தபடி பகல் முழுதும் இருந்தாள். “இஞ்ச பாருங்க, கையைச் சும்மா மடியில வைச்சிருக்கிறதுக்கும் பழகத்தான் வேணும்” என்றாள். அச்சொல் என் நெஞ்சிலே தைத்தது.

மாலையில் வாவியின் கிழக்கே முழுமதி எழுந்தது. இத்தகைய நிலவிலேதான், துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைச் செவியிலும் வைத்துப் பாடுமீனின் இசையைக் கேட்பது இந்நாட்டு வழக்கம். அவ்விசையைக் கவியிலே பாடிய விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அன்றிரவு எம் செவிக்கு எட்டியது மீனின் பாட்டன்று. அயலிலுள்ள கண்ணகையம்மன் கோயிலில் வழக்குரை காவியம் படிக்கும் ஒலி. சிறிதுநேரம் கேட்டிருந்த என் மனைவி, “கோவலன் ஒரு நாளாவது கண்ணகியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தால், இந்தக் காவியமே இராது” என்றாள்.

உரையாசிரியர் எவரும் எழுதாத குறிப்பு இது! கானல்வரியிலே கோவலன் கடற்கரைக்குச் சென்றது மாதவியோடு. கண்ணகியோடு அவன் ஊரெல்லை கடந்ததாக இளங்கோவடிகள் காட்டும் பயணம் ஒன்றே. அது மதுரைக்குச் சென்ற பயணம். அங்கே ஆயர்குல மாதரி அவர்களுக்கு ஒரு சிறுமனையும், புதுக்கலங்களும், அரிசியும் காய்களும் நெய்யும் மோரும் கொடுத்தாள். கண்ணகி தன் மெல்விரல் சிவக்கச் சமைத்துப் பரிமாறினாள். கணவனும் மனைவியும் தனித்திருந்து உண்ட அவ்வுணவே இறுதி உணவாயிற்று. காலந்தாழ்த்த பயணத்தின் அவலம் இதனினும் பெரிதாகச் சொல்லப்பட்டதுண்டோ?

நிற்க. செல்ல விரும்புவார்க்குச் சில சொல்லுவேன். கார்த்திகை முதல் தைவரை மாரியும் வெள்ளமும் மிகும்; அக்காலத்தைத் தவிர்க்க. 1978 நவம்பரில் இந்நாட்டைச் சூறையாடிய புயலும் அப்பருவத்ததே. குடிநீர் எதுவெனக் கேட்டறிக. நுளம்புவலை உண்டா எனப் பார்க்க. வாவியில் முதலை உண்டு. ஊரார் காட்டும் இடத்திலன்றி நீரில் இறங்கற்க. கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளை மீளக் கொண்டுவருக. பாசிக்குடாவின் பெருவிடுதிகளுக்குச் செல்வார் செல்க. ஆயினும் சிறுவீட்டில் தங்குவார் கொடுக்கும் வாடகை அவ்வூர் அடுப்பிலேயே சோறாகின்றது என்பதையும் நினைக்க.

பொருள் மிக வேண்டுமென்பதன்று. இரு நாட்கு ஒரு சிறுவீடும், ஒருபடி அரிசியும், அடுப்பைத் தன்னதென ஏற்கும் கணவனும் போதும். பிள்ளைகள் வளர்ந்தபின் போவோம், ஓய்வூதியம் வந்தபின் போவோம் என்று நாள் கடத்தும் அன்பர்கள் சிலம்பை ஒருமுறை எடுத்துப் படிப்பாராக. படித்தபின் மனைவியிடம் நாள் குறிக்கச் சொல்வாராக.