பெத்லகேமில் இடம் தந்த வீடு

கிறிஸ்து பிறப்பின் திருநாள் நெருங்கும்போது நம் சபைகளில் ஆண்டுதோறும் ஒரு நாடகம் நடைபெறுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யோசேப்பாகவும் மரியாளாகவும் வேடமிட்டுக் கதவு கதவாகத் தட்டுகின்றனர். சத்திரக்காரன் விளக்கை ஏந்தி வெளியே வந்து, "இடமில்லை" என்று கடிந்துரைத்துக் கதவைச் சாத்துகிறான். பார்த்திருக்கும் நாம் அவனுடைய கன்னெஞ்சத்தை எண்ணி வருந்துகிறோம். நாமாயிருந்தால் இடம் தந்திருப்போம் என்று உள்ளூர ஆறுதலும் அடைகிறோம்.

ஆனால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசிப்போமானால், சத்திரக்காரன் என்று ஒருவன் அங்கு இல்லை. கதவு தட்டும் காட்சியும் இல்லை. யோசேப்பும் மரியாளும் பெத்லகேமில் தங்கியிருந்த நாட்களிலே பிரசவ காலம் நிறைவேறிற்று என்றே நற்செய்தியாளர் எழுதுகிறார் (லூக். 2:6). வந்து சேர்ந்த அதே இரவில் பிள்ளை பிறந்தது என்பது பிற்காலக் கற்பனை. அப்படியாயின் அந்நாட்களில் அவர்கள் எங்கே தங்கினர்? அவர்களுக்கு இடம் தந்தவர் யார்? இக்கேள்வி ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்துமஸ் காலத்தில் நம் குடும்பங்களும் சபைகளும் செய்யும் ஈகை எத்தன்மையது என்பதையும் இக்கேள்வி சோதிக்கிறது.

1. சத்திரமா, விருந்தினர் அறையா?

நம் தமிழ்த் திருமறை லூக்கா 2:7இல் "சத்திரம்" என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் "கட்டாலுமா" என்பதாகும். நல்ல சமாரியன் உவமையிலும் (லூக். 10:34) "சத்திரம்" என்னும் சொல்லையே காண்கிறோம். ஆனால் அங்குள்ள மூலச்சொல் வேறு. "பான்டொக்கேயோன்" என்னும் அச்சொல், கூலிக்கு இடம் தரும் வழிப்போக்கர் விடுதியைக் குறிக்கும். அதனை நடத்துபவனுக்கும் லூக்கா ஒரு பெயர் தருகிறார். விடுதியைக் குறிக்கும் தெளிவான சொல்லை அறிந்திருந்த அவர், பெத்லகேம் நிகழ்ச்சியில் அதனைப் பயன்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

"கட்டாலுமா" பொதுவாகத் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். செப்துவஜிந்த் என்னும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் வழிப்பயணத்தில் தங்கிய இடத்துக்கும் இச்சொல் வருகிறது (யாத். 4:24). ஆகவே சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. எனினும் லூக்கா இச்சொல்லை மீண்டும் ஒரே ஒருமுறை கையாளுகிறார், அங்கு அது கடைசி இராப்போசனத்துக்கு ஆயத்தமாக்கப்பட்ட அறையைக் குறிக்கிறது (லூக். 22:11). ஒரு வீட்டுக்காரர் தம் விருந்தினருக்கு ஒதுக்கும் அறை அது. மத்திய கிழக்கு நாடுகளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி என்னும் புதிய ஏற்பாட்டு அறிஞர், பெத்லகேமிலும் இச்சொல் வீட்டின் விருந்தினர் அறையையே குறிக்கிறது என்று வாதிட்டார். 2011இல் திருத்தப்பட்ட ஆங்கிலப் புதிய சர்வதேசப் பதிப்பும் இப்பொருளையே ஏற்றுக்கொண்டது.

2. ஏழைக் குடும்பத்தின் ஒற்றை அறை

அக்காலத்துப் பாலஸ்தீனச் சிற்றூர்களில் எளிய மக்களின் வீடு பெரும்பாலும் ஒரே அறையாக இருந்தது. வாசலையொட்டிய தாழ்ந்த பகுதியில் இரவு வேளையில் ஆடுமாடுகளைக் கட்டுவர். சற்று உயர்ந்த மேடைப் பகுதியில் குடும்பத்தார் சமைத்து, உண்டு, உறங்குவர். இவ்விரு பகுதிகளுக்கும் இடையே, கால்நடைகள் எட்டித் தின்னும்படி முன்னணை அமைந்திருக்கும். எந்தோரில் இருந்த பெண், வீட்டிலேயே வைத்திருந்த கொழுத்த கன்றை அடித்துச் சவுலுக்கு உணவு சமைத்தாள் (1 சாமு. 28:24). ஓய்வுநாளில் ஒவ்வொருவரும் தம் எருதையோ கழுதையையோ முன்னணையிலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டவில்லையா என்று ஆண்டவர் கேட்கும்போதும் (லூக். 13:15) இத்தகைய வீட்டு வாழ்வே பின்னணியாக நிற்கிறது. நம் ஊர்ப்புறங்களில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இது விளங்காத செய்தியன்று.

இயேசு ஒரு குகையில் பிறந்தார் என்னும் மரபும் மிகத் தொன்மையானது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இரத்தசாட்சியான யுஸ்தீன், ஊருக்குள் தங்க இடம் கிடைக்காமையால் யோசேப்பு அருகிலிருந்த குகையில் தங்கினார் என்று எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசரின் காலத்தில் அம்மரபுக்குரிய குகையின்மேல் ஆலயம் எழுப்பப்பட்டது. குகையையே பின்கட்டாகக் கொண்டு வீடு கட்டும் வழக்கமும் அம்மலைநாட்டில் உண்டு.

தாவீதின் வம்சத்தான் தாவீதின் ஊருக்கு வந்து, நிறைமாதக் கர்ப்பிணியாகிய மனைவியோடு தெருவில் நின்றிருப்பான் என்று எண்ணுவது கீழைநாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாது. குடிமதிப்பின் காரணமாக வேறு உறவினர் முன்னரே வந்து விருந்தினர் அறையை நிறைத்திருக்கலாம். அந்நிலையில் வீட்டார் கதவைச் சாத்தவில்லை. தாங்கள் உண்டு உறங்கும் அறையிலேயே இடம் ஒதுக்கித் தந்தனர். பிள்ளையைக் கிடத்தத் தொட்டில் இல்லை, முன்னணை இருந்தது. லூக்கா 2:7ஐ இவ்வாறு வாசித்தால், முதல் கிறிஸ்துமஸ் ஈகை கீழ்த்திசை ஞானிகளின் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் அல்ல. பெயர் அறியப்படாத ஓர் ஏழைக் குடும்பம் தன் இடநெருக்கடியின் நடுவே தந்த இடமே ஆகும்.

3. ஒரு சொல் செல்லும் வழி

"கட்டாலுமா" என்னும் பெயர்ச்சொல்லோடு தொடர்புடைய வினைச்சொல்லையும் லூக்கா கையாளுகிறார். எரிகோவில் ஆண்டவர் சகேயுவின் வீட்டில் தங்கச் சென்றதைக் கண்டு, அவர் பாவியான ஒருவனிடத்தில் தங்கப் போனார் என்று யாவரும் முறுமுறுத்தனர் (லூக். 19:7). தங்கினார் என்பதற்கு அங்கு வருவது அவ்வினைச்சொல்லே. பெத்லகேமில் தங்கும் அறையில் இடமில்லாமற் பிறந்தவர், பிறர் ஒதுக்கிய ஒருவனின் வீட்டில் தங்கினார். இறுதியில் எருசலேமில் தங்கும் அறையொன்றைத் தாமே கேட்டுப் பெற்று, தம் சீடருக்கு விருந்தளிக்கும் வீட்டுத் தலைவரானார். விருந்தினராக வந்தவர் விருந்தளிப்பவராகிறார். மனுவுருவாதலின் மறைபொருளை இவ்வீட்டு வாசல்களின் வழியாகவும் நாம் தியானிக்கலாம்.

சகேயுவின் ஈகையையும் இங்கு உற்று நோக்குதல் வேண்டும். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாக அவன் அறிவித்தது ஆண்டவர் அவன் வீட்டில் தங்கிய பின்னரே. முதலில் வீடு திறந்தது. அதன் பின்னர்ப் பணப்பை திறந்தது. நாமோ பல வேளைகளில் பணப்பையைத் திறப்பதன் மூலம் வீட்டைத் திறக்கும் கடமையிலிருந்து தப்பிக்கொள்கிறோம்.

4. கொடுத்தலும் இடம் தருதலும்

இதனை எனக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டி. நான் முன்பு பணியாற்றிய கிராமச் சபையில், கிறிஸ்துமஸ் ஆராதனையின் முடிவில் ஏழைக் கைம்பெண்களுக்குச் சேலை வழங்குவது வழக்கம். பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும்; ஒவ்வொருவராக முன்வந்து பெற்றுச் செல்வர். ஓராண்டு அம்மூதாட்டியின் பெயரை இருமுறை அழைத்தும் அவர் எழுந்து வரவில்லை. மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குச் சென்றேன். பாயை விரித்து அமரச் செய்தார். கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "ஐயா, சேலை வேண்டாம்னு சொல்லல. வருஷா வருஷம் எல்லாரும் பார்க்க வாங்கிட்டுப் போறேன். இத்தனை வருஷத்துல பண்டிகையன்னைக்கு ஒரு வீட்டுலயாவது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்களா?"

அப்பட்டியலை எழுதியவன் நானே. நான்கு ஆண்டுகள் அச்சபையில் இருந்தும் அவர் வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான் முதல்முறை. என் வீட்டுப் பந்தியிலும் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அன்று இடம் தந்தவர் அவர், பெற்றுக்கொண்டவன் நான்.

இக்குறையைத் திருச்சபையின் உலக அரங்கிலேயே எடுத்துரைத்தவர் நம் நாட்டவர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் உரையாற்றினார். மேலைநாட்டு அருட்பணியாளரின் தியாகத்தையும் கொடைகளையும் நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், இந்தியத் திருச்சபைக்கு அவற்றோடு அன்பும் தேவை என்றும், தங்களுக்கு நண்பர்களைத் தரும்படியாகவும் வேண்டினார். பொருளைக் கொடுத்துவிட்டுத் தோழமையை மறுக்கும் ஈகை, பெறுபவரைத் தாழ்த்தும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். மேலைநாட்டாரை நோக்கி அவர் எழுப்பிய குரல் இன்று நம்மை நோக்கியும் எழுகிறது. சாதியின் பெயரால் ஒரு தெருவார் மறு தெருவில் உண்ணாத சபைகளில், பொட்டலங்களால் மட்டும் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படுமாயின், பெத்லகேம் வீட்டின் பாடம் அங்கு இன்னும் கற்கப்படவில்லை எனலாம்.

தமிழ் மரபும் இதற்குச் சான்று பகர்கிறது. திருக்குறளில் விருந்தோம்பலும் ஈகையும் இல்லறவியலிலேயே வைக்கப்பட்டுள்ளன. வாழ்க்கைத் துணை, மக்கட்பேறு, அன்புடைமை ஆகிய அதிகாரங்களை அடுத்தே விருந்தோம்பல் வருகிறது. குடும்ப அன்பு வீட்டுக்குள்ளே தேங்கி நிற்பதற்கன்று. வாசலைக் கடந்து புதியவரிடம் செல்வதற்கே என்பது அவ்வரிசையின் கருத்தாகக் கொள்ளத்தக்கது.

5. பெறுகிறவரும் கொடுப்பவரே

மரியாளும் யோசேப்பும் ஆலயத்தில் செலுத்திய காணிக்கை ஒரு சோடு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள் (லூக். 2:24). ஆட்டுக்குட்டி செலுத்த வசதியற்றோருக்கு நியாயப்பிரமாணம் விதித்த காணிக்கை அது (லேவி. 12:8). பிறர் வீட்டில் இடம் பெற்ற ஏழைக் குடும்பமும் வெறுங்கையோடு இறைவன் சமுகத்துக்குச் செல்லவில்லை. எருசலேமின் வறியோருக்காகப் பவுலடிகள் காணிக்கை சேர்த்தபோது, கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியச் சபைகள் தங்களுக்கும் அதில் பங்கு வேண்டுமென்று வருந்திக் கேட்டன. அதனை எழுதும் இடத்திலேதான், ஐசுவரியமுள்ள கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானதை அப்போஸ்தலர் நினைவூட்டுகிறார் (2 கொரி. 8:1-9). கிறிஸ்துமஸின் இறையியல் காணிக்கைக்குரிய அதிகாரத்தில் அமைந்திருப்பது தற்செயலன்று.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், செராம்பூரில் பல திருச்சபைகளைச் சேர்ந்த இந்தியக் கிறிஸ்தவர் கூடி, இந்தியரின் பொருளாலும் உழைப்பாலும் நடைபெறும் தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினர். பிறரிடம் பெற்றே வாழ்ந்த சபை, தானும் கொடுக்கத் தொடங்கிய கிறிஸ்துமஸ் அது. அசரியா அச்சங்கத்தின் செயலாளராயிருந்து, 1912இல் டோர்ணக்கல் பேராயரானார். தம் மறைமாவட்டத்து ஏழைக் கிராமத்தாருக்கும் காணிக்கை கொடுத்தலை ஒரு சிலாக்கியமாகவே கற்பித்தார். ஒவ்வொரு வேளையும் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை, நம் தாய்மார் அடுப்படியிலேயே நடத்திய ஆராதனையாகும். குடும்பமும் விசுவாசமும் ஈகையும் அந்த ஒரு பிடியில் ஒன்றாயிருந்தன.

6. போதகர் செய்யத்தக்கவை

முதலாவதாக, விழாச் செலவைப் பற்றித் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே பேசுதல் நலம். புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் வட்டிக்குக் கடன் வாங்கிப் பொங்கல்வரை தவிக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. மந்தையின் வீட்டு நிலைமையை அறியாது பண்டிகையின் சிறப்பை மட்டும் பிரசங்கித்தல் தகாது. போதகர் குடும்பம் எளிமையில் முன்செல்லுமாயின் பிறர் வெட்கமின்றிப் பின்தொடர்வர்.

இரண்டாவதாக, மேடையில் வழங்கும் வழக்கத்தை விடுத்து, வீட்டுக்கு வீடு அனுப்புவோமாக. இயலுமாயின் ஒவ்வொரு குடும்பமும் பண்டிகை உணவுக்கு உறவினரல்லாத ஒருவரை அழைக்கட்டும். திருப்பிச் செய்ய இயலாதோரை அழைக்கும்படி ஆண்டவர் கற்பித்தாரன்றோ (லூக். 14:12-14). அழைக்கப்பட்டவர் தம் கையால் ஏதேனும் கொண்டுவர விரும்பினால், அதனை மனமுவந்து ஏற்றுக்கொள்ளவும் கற்றுக்கொள்வோமாக.

மூன்றாவதாக, கிறிஸ்துமஸ் டிசம்பர் 25உடன் முடிவதில்லை. மறுநாள் ஸ்தேவானின் நினைவுநாள். விதவைகளின் அன்றாடப் பந்தியை விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரில் அவர் ஒருவர். டிசம்பர் 28 ஏரோதினால் கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவுநாள். திருக்குடும்பம் அகதிகளாய் எகிப்துக்கு ஓடியதை அது நினைவூட்டுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிறு காலையில், நம் கடற்கரை ஊர்களை ஆழிப்பேரலை அழித்தபோது, ஆலயங்களும் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் வீடிழந்தோர் தங்குமிடங்களாயின. எச்சமயத்தார் என்று பாராது பாய்கள் விரிக்கப்பட்டன. முந்திய நாளில் நாம் பிரசங்கித்தது என்ன என்பதை அந்நாள் நமக்கு விளக்கியது.

வரும் ஆண்டுகளிலும் நம் பிள்ளைகள் அந்நாடகத்தை நடிக்கட்டும். ஆனால் கதவைச் சாத்தும் சத்திரக்காரனோடு, தங்கள் ஒரே அறையில் சற்று ஒதுங்கி இடம் தந்த ஒரு குடும்பத்தையும் அரங்கில் காட்டுவோமாக. அக்குடும்பத்தின் பெயரைத் திருமறை கூறவில்லை. அவ்விடத்தில் நம் குடும்பத்தின் பெயரை எழுத இயலுமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.