சாந்தோம்: கல்லறை மேல் எழுந்த கோதிக் பேராலயம்

சென்னை மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டி நிற்கும் சாந்தோம் பேராலயம், புனித தோமையாரின் கல்லறை மேல் கட்டப்பட்டது. இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்தார், 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார், இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அவர் இறந்த இடத்து மண்ணை யாத்திரிகர்கள் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்வதை 13ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தோமையாரின் திருப்பண்டங்களில் (உடலின் எச்சங்களில்) பெரும்பகுதி எடெசா வழியாக இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்குப் போய்ச் சேர்ந்தது. யாத்திரை மட்டும் மயிலாப்பூரில் தொடர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே ஆலயம் எழுப்பினர். அந்த இடத்தில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 1896இல் திறக்கப்பட்டதே இன்றைய வெண்ணிறப் பேராலயம். இது கோதிக் பாணியின் மறுமலர்ச்சிக் கட்டடம்.

கோதிக் பாணி 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகிலுள்ள செயின்ட் டெனி ஆலயத்தில் உருப்பெற்றது. அதன் உயிர்நாடி கூர்வளைவு. அரைவட்ட வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், சன்னலும் சிறிதாகத்தான் வைக்கலாம். உச்சியில் கூராகச் சேரும் வளைவிலோ பாரம் பெரிதும் கீழ்நோக்கியே இறங்கும். மிஞ்சும் தள்ளலை வெளியே கட்டிய உதைசுவர்கள் வாங்கிக்கொள்ளும். சுமை குறைந்த சுவரில் நெடிய சன்னல்களைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடலாம்.

சாந்தோமில் அந்த வெளிச்சம் வண்ணக் கண்ணாடி வழியே வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டு தோமையார் ஐயம் தீரும் காட்சி இங்குள்ள சன்னலொன்றில் தீட்டப்பட்டுள்ளது. இத்தகைய சன்னல்களில் நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். உருக்கும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம், தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு.   வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்துச் சித்திரமாக்குவார்கள்.

முகப்புக் கோபுரம் சுமார் 155 அடி. அதைவிடச் சிறிய மற்றொரு கோபுரம் கல்லறைக்கு நேர் மேலே நிற்கிறது. வெளியிலிருந்தே கல்லறையின் இடத்தைக் காட்டும் அருமையான ஏற்பாடு. கீழே நிலவறைச் சிற்றாலயத்துக்கு இப்போது தனி வழி உண்டு. ஆகவே மேலே திருப்பலி நடக்கும்போதும் யாத்திரிகர்கள் கல்லறையில் அமைதியாக வேண்டிக்கொள்ளலாம்.

இப்பேராலயம் 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து வேண்டினார். தோமையார் திருநாள் ஜூலை 3. ரயிலில் வருவோர் திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கினால், பேராலயத்துக்கு ஆட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.