எலும்பு முறிஞ்சா கட்டுக்கா, கத்திக்கா? மதுரை, சென்னை போய் செய்த மூட்டு ஆபரேஷன் இப்போ பாளையங்கோட்டையிலேயே!

முக்கூடல்,

வயல் வரப்பில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் முதலில் எங்கே ஓடுவது?

முக்கூடல், பாப்பாக்குடி, அரியநாயகிபுரம் வட்டாரத்தில் இந்த கேள்விக்கு ரொம்ப காலமாக ஒரே பதில்தான். "கட்டு போடுற வைத்தியர்ட்ட தூக்கிட்டு போங்க." மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, பழைய வேட்டித்துணி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, எக்ஸ்ரேயும் பெரும்பாலும் கிடையாது.

அந்த நிலைமை இப்போது மாறி வருகிறது. எலும்பு ஆபரேஷன் எங்கே நடக்கிறது, எவ்வளவு செலவாகிறது, எத்தனை நாளில் வீட்டுக்கு வரலாம் என்பது எல்லாமே கடந்த 20 வருஷத்தில் தலைகீழாகி இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

கட்டு எப்படி வேலை செய்கிறது?

நாட்டுக் கட்டு போட்டு குணமானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதை பொய் என்று சொல்ல முடியாது. எலும்பு விலகாமல் வெறும் கீறல் விட்டிருந்தால் அசையாமல் வைத்தாலே போதும். சுமார் 6 வாரத்தில் எலும்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் அசையாமல் வைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எலும்பு விலகி இருக்கிறதா, இல்லையா என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. இன்னொன்று, அடிபட்ட இடம் அன்று ராத்திரி வீங்கும். வீங்குவதற்கு முன்பே இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே ரத்தம் ஓட இடம் இருக்காது.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது குழந்தைகள்தான். மரத்தில் இருந்து விழுகிற 5 வயது, 6 வயது பிள்ளைக்கு முழங்கைக்கு மேலே எலும்பு முறிவது சாதாரணம். அந்த இடத்தில்தான் கைக்கு போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே இறுக்கிக் கட்டினால் தசை செத்து, விரல்கள் பறவைக் கால் போல மடங்கி நின்றுவிடும். ஜெர்மனி டாக்டர் வோல்க்மன் 1881-ம் ஆண்டே இதை எழுதி வைத்துவிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த ஊனத்தை அழைக்கிறார்கள்.

கட்டு போட்ட பிறகு பிள்ளை விடாமல் அழுகிறதா? விரல் நீலமாகவோ வெளுத்தோ போகிறதா? விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி கத்துகிறதா? "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விடிகாலை பஸ்சுக்கு காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே அவிழ்த்துவிட்டு, அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயாக வேண்டும். சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசையை மீட்பது கஷ்டம். மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதைதான்.

செங்கல் தொங்கிய காலம்

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். தொடை எலும்பு முறிந்தவரை கட்டிலில் படுக்கப் போட்டு, காலில் கயிறு கட்டி, கட்டில் ஓரமாக செங்கல்லையோ மணல் மூட்டையையோ தொங்க விட்டிருப்பார்கள். அப்படியே 2 மாதம், 3 மாதம். கூட இருந்து பார்ப்பவருக்கும் கூலி போய்விடும்.

அதை மாற்றியது எலும்புக்கு உள்ளேயே கம்பி செலுத்தும் முறை. ஜெர்மனியின் குன்ட்ஷர் என்ற டாக்டர் 1940-ல் இதை வெளியிட்டபோது மற்ற டாக்டர்களே நம்பவில்லை. இன்று நம்ம ஊர் ஆட்கள் சாதாரணமாக "ராடு வச்சிருக்கு" என்கிறார்கள். ராடு வைத்தவர் பெரும்பாலும் சில நாளிலேயே ஊன்றுகோலுடன் நடந்துவிடுகிறார்.

ஆபரேஷன் பெரிய நகரத்தை விட்டு சின்ன ஊருக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. ஆபரேஷன் நடக்கும்போதே திரையில் எலும்பை காட்டும் 'சி-ஆர்ம்' எக்ஸ்ரே கருவி வந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்கு கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை பரவியது. எலும்பு டாக்டர்களும் பெருகினார்கள். முக்கூடலில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டரில் உள்ள பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, 1965-ல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. கை, கால் முறிவில் இருந்து மூட்டு மாற்று வரை அங்கேயே செய்கிறார்கள்.

இடுப்பு முறிந்தால் ஓய்வு எமன்

வயதானவர்கள் குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வது தனி விஷயம். "இந்த வயசுல என்னத்துக்கு ஆபரேஷன்? கட்டிலோட கிடக்கட்டும்" என்று வீட்டில் முடிவு எடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எடுத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்க ஆச்சி புறவாசலில் விழுந்தாள். வைத்தியர் ஒருவர் வந்து எண்ணெய் ஊற்றி கட்டினார். ஒரு மாதத்தில் முதுகில் படுக்கைப் புண். அதற்கு அடுத்த மாதம் நெஞ்சில் சளி. எலும்பு முறிவு ஆளை கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

உலகம் முழுக்க எடுத்த கணக்குகளில், இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அதனால்தான் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, எழுப்பி உட்கார வைக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் அதை சரிபார்த்துவிட்டு செய்கிறார்கள். வயது மட்டும் தடை இல்லை.

பீடி சுற்றும் பெண்களின் முழங்கால்

முக்கூடல் என்றாலே பீடி. பீடித்தட்டை மடியில் வைத்து, காலை மடக்கி, தரையில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அப்படியேதான். 50 வயதுக்கு மேல் பலருக்கு எழுந்திருக்கும்போது முழங்காலை பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று ஒரு சத்தம் வரும். வயது, உடல் எடை, பரம்பரை எல்லாம் மூட்டு தேய்வதற்கு காரணம். தரையில் உட்காருவது அந்த வலியை கூட்டுகிறது.

முழங்கால் மாற்று ஆபரேஷன் ஒரு காலத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் போய் செய்கிற பணக்கார வைத்தியம். 2017 ஆகஸ்டு 16-ந் தேதி மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு விலை வரம்பு போட்டது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை அதுவரை ரூ.1 லட்சத்து 58 ஆயிரத்து 324. அது ரூ.54 ஆயிரத்து 720 என்று குறைக்கப்பட்டது. வரி தனி. ஆனால் கவனிங்க, இது மூட்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, தியேட்டர், டாக்டர் பீஸ் எல்லாம் அதற்கு மேல். பில்லில் மூட்டின் கம்பெனி பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது. மூட்டு மாற்றிய பிறகு சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குத்துக்கால் வைக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வலி போகும், ஆனால் தரையில் உட்கார்ந்து பீடி சுற்ற முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் தட்டை வைத்து சுற்றிப் பழக வேண்டும். வீட்டு கக்கூசையும் மாற்ற வேண்டி வரும். இந்த செலவை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவது இல்லை!

அமெரிக்காவில் இப்போது மூட்டு மாற்றியவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவது அதிகமாகி வருகிறது. அங்குள்ள அரசு காப்பீட்டில் 2018 ஜனவரி 1 முதல் முழங்கால் மாற்றுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தே ஆக வேண்டும் என்ற விதி எடுக்கப்பட்டது. நம்ம ஊரில் சில நாளாவது வைத்திருந்து, நடக்கப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். ராத்திரி 12 மணிக்கு ரத்தம் கசிந்தால் முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டைக்கு எப்படி போவது? அந்த வகையில் இதுதான் சரி.

கார்டு இருக்கிறதா?

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக தொடங்கி, 2012-ல் முதல்-அமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறிய அந்த கார்டுதான் ஏழைகளையும் தனியார் ஆஸ்பத்திரி தியேட்டருக்குள் கொண்டு போனது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரத்துக்குள் என்று இருந்த வரம்பு 2022-ல் ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. எல்லா ஆபரேஷனும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கார்டில் வராது. சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு கார்டை நீட்டி பிரயோஜனம் இல்லை.

ரோட்டில் அடிபட்டவருக்கு கார்டே தேவையில்லை. 2021 டிசம்பர் 18-ந் தேதி தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. எலும்பு வெளியே தெரிகிற காயமாக இருந்தால் காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, முறிந்த காலை இன்னொரு காலோடு சேர்த்துக் கட்டி, 108-க்கு போன் செய்ய வேண்டும்.

கார்டு இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமான சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டுடன் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.