உடைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், கிணற்றில் போட வேண்டாம்: பழைய ரீவியின் ரியூப்பை என்ன செய்வது?

எமது ஊர்களில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை இப்போது மூன்று இடங்களில் காணலாம். ஒன்று வீட்டு விறாந்தையின் மூலை. மற்றது வேலியோரப் பற்றை அல்லது ஆளில்லாத வளவு. மூன்றாவது, பாவனையில் இல்லாத கிணறு. விறாந்தையில் இருக்கும் பெட்டியால் எவருக்கும் தீங்கில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் கிடப்பவை பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் வானொலி, தொலைக்காட்சி திருத்துபவன். தொழில் பழகியது 80களின் நடுப்பகுதியில். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடியதும், ஜெனரேற்றர் போட்டு ஊரே கூடி ஒரு ரீவியைப் பார்த்ததும் எமது தலைமுறைக்குத் தெரியும். போர் முடிந்து வன்னிக்கு மின்சாரம் வந்தபோது, மீள்குடியேறிய பல வீடுகளில் வெளிநாட்டுக் காசிலோ தவணை முறையிலோ ஒரு பெட்டி ரீவி வாங்கினார்கள். பின்னர் தட்டை ரீவி மலிந்தது. பழைய பெட்டிகளுக்குத் திருத்த உதிரிப்பாகமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. அதனால்தான் அவை பற்றைக்குள் போகின்றன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியின் பாரத்தில் பெரும்பங்கு பிக்சர் ரியூப் என்னும் கண்ணாடிக் குழாயினுடையது. முன்பக்கம் தடித்த திரை. பின்பக்கம் புனல் போன்ற பகுதி, அதன் முடிவில் மெல்லிய கழுத்து. கழுத்திலிருந்து வரும் இலத்திரன்கள் திரையின் உட்புறப் பூச்சில் மோதும்போது படம் தெரிகிறது. அந்த மோதலில் எக்ஸ் கதிரும் சிறிதளவு உண்டாகும். அது வெளியே வராமல் தடுக்கவே கண்ணாடியில் ஈயம் சேர்த்தார்கள். கலர் ரீவியின் புனல் பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஒட்சைட்டு. 21 அங்குலப் பெட்டி ஒன்றில் சுமார் ஒரு கிலோ ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையின் உட்புறத்தில் பூசியிருக்கும் வெள்ளைத் தூளும் கையால் தொடக்கூடியதல்ல. பழைய பெட்டிகள் சிலவற்றில் அதில் கட்மியமும் உண்டு.

உடனடி ஆபத்துகள் இரண்டு

முதலாவது வெற்றிடம். ரியூப்புக்குள் காற்று இல்லை. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் சுமார் ஒரு கிலோ பாரத்துடன் அமத்திக்கொண்டிருக்கிறது. 21 அங்குலத் திரையின் மீது மட்டும் ஒரு தொன்னுக்கு மேல் அமத்தம் இருக்கிறது. கல்லால் எறிந்தாலோ சுத்தியலால் அடித்தாலோ கண்ணாடி உள்ளே இடிந்து, பின் பிசுங்கான்களாக நாலாபக்கமும் பறக்கும். பற்றைக்குள் கிடக்கும் ரியூப் சிறுவர்களுக்கு எறிந்து விளையாட நல்ல இலக்காகத் தெரியும். கண் போவதற்கு ஒரு பிசுங்கான் போதும்.

இரண்டாவது மின்சாரம். கலர் ரீவியின் ரியூப்புக்கு 25,000 வோல்ற் அளவில் மின்னழுத்தம் போகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் ரியூப் அந்த மின்னைச் சில நாட்கள் பிடித்து வைத்திருக்கக்கூடும். எனவே தொழில் தெரியாதவர்கள் பின்மூடியைக் கழற்றவே கூடாது.

மெதுவாக வரும் ஆபத்து

உடையாத ரியூப்பிலிருந்து ஈயம் சும்மா ஒழுகி வருவதில்லை. அது கண்ணாடியோடு கண்ணாடியாகப் பிணைந்திருக்கிறது. உடைந்து நொறுங்கித் தூளாகும்போதும், அழுகும் குப்பையின் புளித்த நீரில் ஊறும்போதும்தான் ஈயம் வெளியேறுகிறது. புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நொறுக்கிய ரியூப் கண்ணாடியைக் குப்பைமேட்டு நீர் போன்ற அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சோதித்து, முடிவுகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கலர் ரியூப்களிலிருந்து சராசரியாக லீற்றருக்கு 18.5 மில்லிகிராம் ஈயம் கரைந்து வந்தது. அமெரிக்காவில் ஒரு கழிவை ஆபத்தானது என்று வகைப்படுத்தும் எல்லை 5 மில்லிகிராம்.

ஈயம் சிறுவர்களையே முதலில் பாதிக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தில், வளர்ந்தவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுவர்களின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் ஆகியன பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது. எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கிணற்றில் போடுவது ஏன் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அந்தக் கல்லுக்குள் தண்ணீர் வடிபடாமலே ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும். பாழ்கிணறு என்பது அந்தத் தண்ணீருக்கு நேரே திறந்த வாசல். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நாங்கள் பட்ட பாடு மறந்துவிடக்கூடியதல்ல.

ஏன் உடைக்கிறார்கள்?

செம்புக்காக. ரியூப்பின் கழுத்தைச் சுற்றியும் திரையின் ஓரத்தைச் சுற்றியும் செம்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. பழைய இரும்பு எடுப்பவர்கள் கழுத்தை உடைத்துச் சுருளைக் கழற்றி, வயரை எரித்துச் செம்பை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. போருக்குப் பின் வேறு வருமானம் இல்லாத குடும்பங்கள் பல, வெடிபொருள் அபாயம் இருப்பது தெரிந்தும் இரும்பு பொறுக்கி அடுப்பெரித்தன. அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். வயர் எரியும் புகை நஞ்சு. கண்ணாடித் தூள் உடுப்பில் ஒட்டி வீட்டுப் பிள்ளைகளிடம் போகும். ரியூப்பை உருக்கினால் ஈயம் எடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அடுப்பு நெருப்பில் அது வராது. வருவது காயமும் நச்சுத் தூளும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்னர் பழைய ரியூப்பை உருக்கிப் புது ரியூப் செய்தார்கள். இன்று பெட்டி ரீவி உற்பத்தியே இல்லாமல் போனதால், அந்த ஈயக் கண்ணாடியை விரும்பி வாங்க உலகில் எங்கும் ஆளில்லை. எனவே சுருளையும் போர்ட்டையும் மட்டும் கேட்பவருக்குப் பெட்டியைக் கொடுக்காதீர்கள். முழுப் பெட்டியாக எடுத்தால் மட்டும் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெட்டி வேலை செய்தால் பாவியுங்கள், அல்லது தேவைப்பட்டவருக்குக் கொடுங்கள். வேலை செய்யாவிட்டால் மூடியைக் கழற்றாமல், மழை படாத, பிள்ளைகள் ஏறி விழுத்த முடியாத இடத்தில், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிலத்தில் வையுங்கள். பாரம் முழுவதும் திரைப் பக்கம் இருப்பதால் தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். திரை நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும்.

உடைந்துவிட்டால், பிள்ளைகளையும் கோழி, நாயையும் அப்புறப்படுத்துங்கள். செருப்பு, தடித்த கையுறை, கொரோனாக் காலத்தில் போட்டது போன்ற முகக்கவசம் அணியுங்கள். விளக்குமாற்றால் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தூள் எழும்பும். முதலில் தண்ணீர் தெளியுங்கள். பெரிய துண்டுகளை மட்டையால் அள்ளி, மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்து, துணியையும் சேர்த்து மூடியுள்ள பெயின்ற் வாளியில் போட்டு மூடுங்கள். வாளியின் மேல் 'ரியூப் கண்ணாடி, ஈயம்' என்று எழுதுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். கையை சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

யாரிடம் கொடுப்பது?

2008ஆம் ஆண்டின் வர்த்தமானி விதிகளின்படி, ஆபத்தான கழிவுகளைச் சேகரிப்பவர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அப்படி அனுமதி பெற்றவர்கள் யார் என்பதை அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ உங்கள் பிரதேச சபையிலோ கேளுங்கள். வருபவரிடம் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புது ரீவி வாங்கும்போது பழையதை எடுப்பீர்களா என்று கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பெட்டிக்காகக் கொழும்பிலிருந்து லொறி வராது. ஐம்பது பெட்டி என்றால் வரும். எனவே இதைத் தனித்தனி வீட்டின் பிரச்சினையாக விடாமல், கிராம அபிவிருத்திச் சங்கமோ விளையாட்டுக் கழகமோ ஒரு கூரையுள்ள இடத்தில் பெட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கையைக் குறித்துப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுக்கலாம். எத்தனை பெட்டி, எந்த இடம் என்று எழுத்தில் கொடுத்த கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது சபைகளுக்கும் கடினம்.

கடைசியாக ஒன்று. சில வீடுகளில் அந்தப் பெட்டி வெறும் பெட்டியல்ல. 'இது பெடியன் வாங்கித் தந்தது தம்பி, அவன் இல்லை, இதையும் எப்படி எறியிறது?' என்று கேட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் பதில் ஒன்றே: எறியத் தேவையில்லை அம்மா. உடையாத ரியூப் எவருக்கும் தீங்கு செய்யாது. ஒரு துணியால் மூடி வையுங்கள். ஆனால் உங்களுக்குப் பிறகு அது பற்றைக்குள் போகாமல் யாரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.