'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொன்னால் போதுமா? வேலை நேரத்துப் பதற்றம் நம்மை என்ன செய்கிறது?

மானேஜர் பின்னால் வந்து நின்றதுமே, தினமும் அடிக்கும் பாஸ்வேர்டு தப்பாகிவிடுகிறது. கவுன்ட்டரில் வரிசை நீள நீள, ஒரு தடவை எண்ணிய பணத்தை மூன்று தடவை எண்ண வேண்டியிருக்கிறது. மீட்டிங்கில் 'நீங்க சொல்லுங்க' என்று திடீரெனக் கேட்டதும், நேற்று ராத்திரி வரை மனப்பாடமாக இருந்த கணக்கு காணாமல் போகிறது. பத்து நிமிடம் கழித்து டீ குடிக்கும்போது எல்லாமே ஞாபகத்துக்கு வருகிறது!

'நமக்கு இந்த வேலை செட் ஆகாதோ' என்று அப்போது தோன்றும். அந்த ஒரு நாளை வைத்தே, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. ஆனால், உளவியல் ஆய்வுகள் சொல்லும் கதை வேறு.

சுபாவம் வேறு, தருணம் வேறு

அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பெர்கரும் அவரது குழுவினரும் 1970-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 'நீங்கள் பொதுவாகவே பதற்றப்படுபவரா?' என்பதையும், 'இந்த நிமிடம் பதற்றமாக இருக்கிறீர்களா?' என்பதையும் அது தனித்தனியாக அளந்தது. முதலாவது சுபாவம். இரண்டாவது வந்து போகும் நிலை. எதற்கும் அசராத மனிதருக்கும் அந்த நிமிடப் பதற்றம் எகிறலாம். அதை வைத்து அவரது திறமையை எடைபோட முடியாது.

மூளையின் 'ரேம்' நிரம்பும்போது...

செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தேவையான தகவல்களை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ள மூளையில் ஒரு வசதி இருக்கிறது. போனில் ரேம் இருப்பதுபோல. அதன் அளவு சின்னதுதான். 'தப்பாகிவிட்டால் என்ன ஆகும்', 'அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே' போன்ற எண்ணங்கள் வந்ததும், அவையும் அங்கேயே இடம் பிடித்துக்கொள்கின்றன. பின்னணியில் பத்து ஆப் ஓடினால் போன் திணறுமே, அந்தக் கதைதான்.

பிரிட்டன் உளவியலாளர் மைக்கேல் ஐசென்க் இதில் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பதற்றத்தில் இருப்பவர் வேலையைச் சரியாகவே முடித்துவிடலாம். ஆனால், அதற்கு அவர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் ஒரு தப்பும் இருக்காது, ஆபீஸில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் கூடுதல் உழைப்பின் களைப்பு தெரிவது சாயங்காலம் வீட்டில்தான். 'வந்ததும் வராததுமா ஏன் எரிஞ்சு விழறீங்க?' என்று வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

நன்றாகப் பழகிய வேலை தடுமாறுவதற்குக் காரணம் வேறு. விரல்கள் தானாகச் செய்யும் ஒன்றை, பதற்றத்தில் ஒவ்வொரு படியாகக் கவனிக்க ஆரம்பிக்கிறோம். கவனித்ததும் சிக்குகிறது. பாஸ்வேர்டு தப்பாவது இப்படித்தான்.

கொஞ்சம் பதற்றம் நல்லதா?

1908-ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். சுலபமான பயிற்சியில், அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான பயிற்சியில் நடுத்தர அதிர்ச்சிதான் உதவியது. அதைத் தாண்டியதும் கற்பது மந்தமானது. எலியையும் மனிதரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால், 'சீக்கிரம், சீக்கிரம்' என்ற விரட்டல் பார்சல் கட்டும்போது பலன் தரலாம், ஆடிட் கணக்குப் பார்க்கும்போது அதே விரட்டல் காரியத்தைக் கெடுக்கலாம் என்பது பலரும் அனுபவத்தில் கண்டதுதான்.

சுமை மட்டுமா பிரச்னை?

ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சமையல் செய்யும் மாஸ்டருக்கு வேலைச்சுமை கொஞ்சமா? ஆனால், எந்த அடுப்பில் எது, எப்போது இறக்குவது என்பதெல்லாம் அவர் கையில். கஸ்டமர் கேரில் போன் எடுப்பவருக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் நேரக் கணக்கு, பேச வேண்டிய வார்த்தைகூட ஸ்கிரிப்ட்டில், பாத்ரூம் போகவும் கேட்க வேண்டும் என்றால்? சுமை அதிகமாகவும், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனதை அதிகம் வாட்டும் என்று 1979-ல் ராபர்ட் கராசெக் எழுதினார். கூட இருப்பவர்களின் ஆதரவும் சேர்ந்தால்தான் சுமையைத் தாங்க முடியும் என்று பிறகு வந்தவர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

விமானிகளிடம் கற்க வேண்டியது

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹியோவில் போயிங்கின் புதிய மாடல் 299 விமானம் சோதனைக்காகக் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அனுபவசாலி. விமானம் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்காமல் விட்டதுதான் காரணம். ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் அந்த விமானத்தில் அவ்வளவு அதிகம். 'இன்னும் கவனமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. நினைவை நம்ப வேண்டாம் என்று, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள்.

1981-ல் அமெரிக்க விமானத் துறை இன்னொரு விதி போட்டது. விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானி அறையில் வேலைக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது. சில நாடுகளின் மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் நேரத்தில் நர்ஸ்கள் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய மேலங்கி அணிவதும் இதே யோசனைதான். ஒரு சின்னக் குறுக்கீட்டில் டோஸ் மாறினால், விலை கொடுப்பது நோயாளி அல்லவா?

மனிதரை மாற்றுவதைவிட, வேலை நடக்கும் விதத்தை மாற்றுவது சுலபம். நம் ஊர் ஆபீஸுக்கும் கடைக்கும் இது பொருந்தும்.

மேலதிகாரிகள் கவனத்துக்கு...

* 'கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க' என்று மட்டும் மெசேஜ் போடாதீர்கள். எதற்கு என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் அந்த ஊழியரின் அரை நாள் போச்சு.
* பணம் எண்ணுவது, மாதக் கடைசிக் கணக்கு, மருந்து எடுப்பது போன்ற வேலைகளின்போது யாரும் கூப்பிடாத நேரம் ஒதுக்குங்கள்.
* தப்பைச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த தப்பு உங்கள் காதுக்கு வராது.

நீங்கள் செய்யக்கூடியவை...

* மேடை ஏறும் முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. படபடக்கும் நெஞ்சை அடக்குவதைவிட, அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.
* தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் மேலும் நன்றாக எழுதியதாக 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. முக்கியமான மீட்டிங்குக்கு முன் நீங்களும் முயலலாம்.
* அடிக்கடி தவறும் வேலைக்கு ஐந்து வரி செக்லிஸ்ட் எழுதி மேசையில் ஒட்டுங்கள்.
* மூச்சை இழுப்பதைவிட, விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை போதும்.

எப்போது உதவி தேவை?

நொடிப் பதற்றம் வந்த வேகத்தில் போய்விட வேண்டும். போகாமல் வாரக்கணக்கில் தங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, ஞாயிறு சாயங்காலமே மறுநாளை நினைத்து வயிறு கலங்கினாலோ, மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறுகளாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் நீங்கள் தனியாள் இல்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.