புத்தகம் யாருடைய பெயரில்?

கடந்த வருடம் ஒரு சனிக்கிழமை காலையில், கிளிநொச்சியில் ஒரு கராஜின் முன்னால் இருந்த வாங்கில் நானும் ஒரு அக்காவும் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். அக்காவின் கணவர் 2009இல் இறந்துவிட்டார். பால்மாடு வளர்த்து, சீட்டுக் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டே அவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தார். ஐம்பது வயதை நெருங்கும்போது சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். தங்கள் கிராமத்தில் இருந்து பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு சிறிய வான் வாங்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். பார்க்க வந்திருந்தது ஜப்பானிய 'சுசுக்கி எவ்ரி' வான்.

வானைச் சுற்றி ஐந்து ஆண்கள் நின்றார்கள். விற்க வந்தவர், கராஜ்காரர், அக்காவின் கணவருடைய தம்பி, சும்மா பார்க்க வந்த இருவர். பேச்சு சூடுபிடித்தது. ரேர்போ உள்ளதா, ஓட்டோ கியரா, ஏலத்தில் என்ன கிரேட், எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எவ்ரி நல்லதா ஹையேஸ் நல்லதா என்று ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசினார்கள். பணம் கொடுக்கப்போகும் அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் அக்காவே எழுந்து போய்க் கேட்டார்.

"தம்பி, புத்தகத்தில என்ர பேர் வருமோ?"

"அதெல்லாம் தேவையில்லை அக்கா. ஓப்பின் பேப்பர் தாறன். கையெழுத்தெல்லாம் போட்டிருக்கு" என்றார் விற்பவர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆண்களின் பேச்சா?

சமூகவியல் படித்த காலத்தில், அறிவு என்பது எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை என்று எங்கள் விரிவுரையாளர்கள் சொல்வார்கள். வாகனம் பற்றிய அறிவு இதற்கு நல்ல உதாரணம். அது கராஜிலும் தேநீர்க் கடையிலும் சந்தியிலும் ஆண்களுக்குள் கைமாறுகின்றது. பெண்கள் அங்கே நிற்பதில்லை. ஆனால் எங்கள் பிரதேசங்களில் இன்று உழைத்துக் கடன் கட்டுபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். கடன் எங்கள் தலையில், அறிவு வேறொருவர் கையில் என்றால் அது பாதுகாப்பானதா?

வடக்கில் வாகனம் என்பது ஆடம்பரமாக மட்டும் இருந்ததில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களை எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ரார்ட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். பிறந்த பிள்ளையும் நோயாளியும் அந்தப் புகைக்குள்தான் பயணம் செய்தார்கள். 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர் ஜப்பானிய வாகனங்கள் கூடுதலாக வரத்தொடங்கின.

ஏன் ஜப்பானிய வாகனம்?

ஜப்பானிலும் எங்களைப் போலவே வீதியின் இடப்பக்கமாக ஓடுகின்றார்கள். ஸ்ரேரிங் வலப்பக்கம் இருக்கும். எனவே அங்கு பாவித்த வாகனத்தை மாற்றம் செய்யாமல் இங்கு ஓட்டலாம். அங்கு புதிய கார் ஒன்றை மூன்று வருடத்தில் முதலாவது அரச பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குச் செலவு அதிகம் என்பதால், பரிசோதனைத் தவணை வருமுன்பே பலர் வாகனத்தை விற்றுவிடுகின்றார்கள். அவை ஏலத்துக்கு வந்து, கப்பலேறி இங்கு வருகின்றன.

'எவ்ரி', 'வாகன் ஆர்' போன்றவை ஜப்பானில் 'கெய்' எனப்படும் சிறு வாகன வகையைச் சேர்ந்தவை. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ என்பவற்றுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அங்கேயும் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் இவற்றையே அதிகம் நம்புகின்றார்கள். எரிபொருள் செலவு குறைவு. ஆனால் சிறிய எஞ்சின் என்பதை மறந்து அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால் எஞ்சினும் பிறேக்கும் தாங்காது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஹைபிரிட் கார் பற்றியும் ஒரு வார்த்தை. ரொயோட்டா நிறுவனம் 1997இல் 'பிரியஸ்' காரையும் 2011இல் சிறிய 'அக்குவா' காரையும் கொண்டுவந்தது. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து இயங்குவதால் எரிபொருள் மிச்சம். ஆனால் பெரிய பற்றரி பழுதானால் செலவும் பெரிது. அந்தப் பற்றரியைக் குளிர்மையாக வைத்திருக்கும் காற்றுத் துவாரம் பின் ஆசனப் பக்கமாக இருக்கும். அதைச் சாமான் மூட்டைகளால் மறைக்கக்கூடாது. எங்கள் கிறவல் வீதிப் புழுதியில் அதனை அடிக்கடி துப்புரவாக்க வேண்டும்.

ஏலத் தாளை வாசிக்கலாம்

ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு வாகனத்தையும் பரிசோதகர் பார்த்து ஒரு தாளில் எழுதுவார். மொத்த நிலைக்கு இலக்கத்தில் தரம் போடுவார்கள். நாலரை, ஐந்து என்றால் மிக நல்லது. மூன்றரை என்றால் பாவிப்பின் அடையாளங்கள் தெரியும். 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தியது என்று பொருள்.

தாளில் வாகனத்தின் படம் ஒன்றும் இருக்கும். அதில் 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'டபிள்யூ' என்றால் திருத்திய தடம், 'எஸ்' என்றால் துரு, 'எக்ஸ் எக்ஸ்' என்றால் அந்தப் பகுதி மாற்றப்பட்டது. எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள இலக்கம் கூடக்கூட பழுதும் கூட. இதை அறிய ஜப்பானிய மொழி தேவையில்லை. அந்தக் கராஜ் வாங்கில் இருந்தபடி பத்து நிமிடத்தில் அக்கா படித்துவிட்டார்.

ஏலத் தாளில் உள்ள கிலோமீற்றரையும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீற்றரைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கின்றார்கள். ஐம்பதாயிரம் கிலோமீற்றர் என்று சொல்லும் வாகனத்தில் பிறேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். போலித் தாள்களும் உண்டு. ஆகவே தாளில் உள்ள சேசிஸ் இலக்கமும் வாகனத்தில் பொறிக்கப்பட்ட இலக்கமும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

உத்தரவாதம் என்னும் வார்த்தை

"ஜப்பான் சாமான், வொரண்டி இருக்கு" என்று விற்பவர்கள் சொல்வார்கள். எந்த வொரண்டி, யார் தந்தது, எதுவரை என்று கேளுங்கள். ஜப்பானில் புதிய கார்களுக்குப் பொதுவாக 3 வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சின் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் என்று உத்தரவாதம் கொடுக்கின்றார்கள். இரண்டில் எது முந்துகின்றதோ அத்துடன் அது முடிந்துவிடும். அது ஜப்பானில் உள்ள விற்பனையாளர்களுக்கு உரிய ஏற்பாடு. பாவித்த வாகனம் கப்பலேறி வந்த பின்னர் அந்தத் தாளைக் காட்டி இங்கு ஒன்றும் பெறமுடியாது. இங்கே விற்பனை நிலையம் தரும் உத்தரவாதம் வேறு. எந்தப் பாகங்களுக்கு, எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில், கையெழுத்துடன் வாங்கவேண்டும். வாயால் சொன்ன உத்தரவாதம் வாசலைத் தாண்டினால் செல்லாது.

உத்தரவாதம் முடிந்த வாகனத்துக்கும் உற்பத்தி நிறுவனம் பொறுப்பேற்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. தயாரிப்பிலேயே ஆபத்தான குறை கண்டால் நிறுவனமே திரும்ப அழைத்து இலவசமாகத் திருத்தும். 'தக்காட்டா' என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த எயார் பாக்குகள் இதற்கு உதாரணம். பல வருட வெப்பத்திலும் ஈரப்பதனிலும் அவற்றின் உள்ளே இருந்த இரசாயனம் பழுதடைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. எங்கள் நாடும் வெப்பமும் ஈரமும் உள்ள நாடு. எயார் பாக் உள்ள ஜப்பானிய வாகனத்தை வைத்திருப்பவர்கள், சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் முகவரிடம் விசாரிப்பது நல்லது.

எங்கள் வான்

இனி, ஓப்பின் பேப்பர் விடயத்துக்கு வருகின்றேன். விற்பவர் பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுப்பார். வாங்குபவர் பதிவை மாற்றாமல் ஓடுவார். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று நினைப்போம். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

2003இல் அப்பா ஒரு பழைய ஹையேஸ் வான் வாங்கினார். பதிவு கொழும்பில் உள்ள ஒருவருடைய பெயரில் இருந்தது. "பிறகு மாத்துவம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். 2009இல் அந்த வானிலேயே இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனோம். அதன்பின் அப்பாவும் இல்லை, வானும் இல்லை. கையெழுத்து வைத்த படிவம் பதுங்கு குழிக்குள் எரிந்துபோனது. முகாமில் இருந்து வெளியே வந்த பின்னர், கைவிடப்பட்ட வாகனங்களை உரியவர்கள் ஆதாரம் காட்டிப் பெறலாம் என்று கேள்விப்பட்டு அம்மா போனார். நானும் கூடப்போனேன். வரிசையாக நின்ற வாகனங்களுக்குள் எங்கள் வானைக் கண்டுபிடித்தோம். கண்ணாடியில் அப்பா ஒட்டிய பிள்ளையார் படம் அப்படியே இருந்தது.

"இது உங்கட வான் எண்டதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்கள்.

அம்மாவிடம் இருந்தது ஒரு புகைப்படம். நானும் தங்கையும் அந்த வானில் சாய்ந்து நிற்கும் படம். அதை நீட்டினார். கேட்டவர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவரிலும் பிழை சொல்லமுடியாது. பதிவில் இருந்த பெயர் எங்களுடையதல்ல. அந்த வானை விற்றிருந்தால் அம்மா ஒரு தையல் மெசினும் இரண்டு மாடும் வாங்கியிருப்பார். மூன்று வருடம் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போகவேண்டி வந்திருக்காது.

கவனிக்க வேண்டியவை

புத்தகத்தில் பதிவு உரிமையாளர் என்றும் முழு உரிமையாளர் என்றும் இரண்டு இடங்கள் உள்ளன. லீசிங் எடுத்த வாகனத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. அந்தக் கடனைக் கட்டி முடித்து அந்தப் பெயர் நீக்கப்படாத வாகனத்தை வாங்கினால், பழைய உரிமையாளர் தவணை கட்டாதபோது உங்கள் வாசலில் வந்துதான் சீஸ் பண்ணுவார்கள். முற்பணம் கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் எடுங்கள்.

காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். பத்திரங்களின் பிரதிகளை வாகனத்துக்குள் மட்டும் வைக்காமல் வீட்டிலும், நம்பிக்கையான இன்னோர் இடத்திலும் வையுங்கள்.

கணவரின் பெயரில் உள்ள வாகனத்தை அவர் இல்லாத நிலையில் விற்கவோ பெயர் மாற்றவோ விரும்பும் சகோதரிகள், எவருடைய பேச்சையும் கேட்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம். இறந்தவர்களுக்கு மரணச் சான்றிதழும் உரிய சட்ட ஆவணங்களும் தேவை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு, 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழ் எடுக்காமலே காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறும் வழி உள்ளது. அதைக்கொண்டு சொத்து விடயத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள்.

அவசரமும் வேண்டாம். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்கள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. "இன்றைக்கு விட்டால் கிடையாது" என்பது விற்பவரின் வழக்கமான வார்த்தை.

அக்கா அன்று அந்த வானை வாங்கவில்லை. திணைக்களத்தில் விபரம் எடுத்தபோது அதற்கு லீசிங் பாக்கி இருப்பது தெரியவந்தது. ஐந்து வாரம் கழித்து இன்னொரு எவ்ரி வான் கிடைத்தது. எஞ்சினை அக்காவின் கணவருடைய தம்பிதான் பார்த்துக் கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் பெயர் மாற்றும் நாளில் அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"என்ர பேரில போட்டா அலைச்சல் இல்லை. என்னில நம்பிக்கை இல்லையோ மச்சாள்?"

"நம்பிக்கை இல்லாமலில்லை தம்பி. நாளைக்கு எனக்கொண்டு நடந்தா பிள்ளையள் யாரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார் அக்கா.

அவர் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் ரயருக்குக் காற்று அடித்துக் கொடுக்க அவரே வந்தாராம்.

இப்போது அக்காவின் வானில் பதினொரு பிள்ளைகள் இரண்டு தடவையாகப் போய் வருகின்றார்கள். புத்தகத்தின் பிரதி ஒன்று எங்கள் மாதர் சங்கத்தின் அலுமாரியில் இருக்கின்றது. சகோதரிகளே, உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கலாம், ஓட்டோ இருக்கலாம், உழவு இயந்திரம் இருக்கலாம். இன்று மாலை வேலை முடிந்த பின்னர் அதன் புத்தகத்தை ஒருமுறை எடுத்து, யாருடைய பெயர் இருக்கின்றது என்று வாசித்துப் பாருங்கள்.